தலை தேய்ந்த காசும் கழுகு குத்திய வளையலும்

(கல்முனையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

நகை பற்றிய பேச்சு என்று நோட்டீசில் போட்டதும் முன்வரிசை முழுக்கத் தாய்மார் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் நாளைக்குப் பவுண் விலை ஏறுமா இறங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஒரு நகை எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் கையால் செய்யப்பட்டது என்று அதன் உடம்பிலுள்ள முத்திரையை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி? இன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முந்தி சாய்ந்தமருதிலிருந்து ஒரு ராத்தா என்னிடம் ஒரு வளையல் கொண்டுவந்தார். கனமானது, அகலமானது, ஒரு பக்கம் திறந்தது. கறுத்துப் போயிருந்தது. அவர் 1983 இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அங்கே எசமானி அம்மா ஒரு நோன்புப் பெருநாளைக்குக் கொடுத்த வளையல் அது. 1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. ராத்தா உடுத்த உடுப்போடு தப்பி, பாலைவனம் தாண்டி, ஜோர்தானில் கூடாரத்தில் கிடந்து, ஊர் வந்து சேர்ந்தார். அந்த வருஷம் போருக்குள் நம்முடைய ஊர்ப்பக்கம் எப்படி இருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வருஷச் சம்பாத்தியத்தில் அவரோடு வந்தது அந்த வளையல் ஒன்றுதான். அதுவும் கை தடித்துக் கழற்ற வராததால் வந்தது.

"தம்பி, இது வெள்ளியா, பித்தளையில பூச்சா? பேத்திக்குக் குடுக்கலாமா எண்டு பாருங்க" என்றார்.

உள்பக்கத்தைப் புளி போட்டுத் துடைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். 925 என்ற எண். பக்கத்தில் ஸ்பானிய மொழியில் 'மெக்சிகோவில் செய்தது' என்று பொருள்படும் மூன்று சொற்கள். அதற்குக் கீழே நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கழுகு. கழுகின் நெஞ்சில் 3 என்ற எண். செய்தவர் பெயர் இருந்த இடம் தேய்ந்து மொழுமொழு என்றிருந்தது.

மெக்சிகோவில் டாஸ்கோ என்று ஒரு மலையூர் இருக்கிறது. ஸ்பானியர் வந்த காலந்தொட்டு வெள்ளிச் சுரங்கத்துக்குப் பெயர்போனது. வெள்ளி தோண்டினார்களே தவிர, ஊரில் பேர்சொல்லக்கூடிய வெள்ளி வேலை நடக்கவில்லை. 1929 இல் வில்லியம் ஸ்பிராட்லிங் என்ற அமெரிக்கர் அங்கே போய்க் குடியேறினார். நியூ ஓர்லியன்ஸில் கட்டடக்கலை கற்பித்தவர். பக்கத்து இகுவாலா ஊரிலிருந்து ஆர்ட்டெமியோ நவரெத்தே என்ற பொற்கொல்லரை அழைத்துக்கொண்டு 1931 இல் ஒரு பட்டறை போட்டார். கொலம்பஸ் வருவதற்கு முந்திய பழங்குடிச் சிற்பங்களின் வடிவங்களை எடுத்து வளையலிலும் ஊசியிலும் வைத்தார். அந்தப் பட்டறையில் சுத்தியல் பிடித்துப் பழகிய பையன்கள் பின்னாளில் தனித்தனியாகக் கடை போட்டார்கள். காஸ்டியோ சகோதரர், அந்தோனியோ பினேடா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயராக எழுந்தார்கள். இரண்டாம் உலகப்போர் மூண்டு ஐரோப்பியச் சரக்கு அமெரிக்காவுக்கு வராமல் நின்றபோது, டாஸ்கோ வெள்ளிக்கு அடித்தது யோகம். ஸ்பிராட்லிங் 1967 இல் கார் விபத்தில் இறந்தார்.

நகை பார்க்கிறவனுக்கு இந்தக் கதை முழுவதும் முத்திரையில் கிடக்கிறது. ஆரம்ப காலப் பட்டறைகள் ஆளுக்கொரு தரம் வைத்தன. ஸ்பிராட்லிங் 980 என்று குத்தியது உண்டு. இன்னொரு பட்டறைக்காரரான ஹெக்டர் அகிலார் 940 என்று குத்தியது உண்டு. 1940களின் கடைசியில் அரசாங்கம் தலையிட்டுக் கழுகு முத்திரையைக் கொண்டுவந்தது. கழுகுக்குள் இருக்கும் எண் ஊரையோ பட்டறையையோ குறித்தது. 3 என்றால் பெரும்பாலும் டாஸ்கோ. 1980 வாக்கில் கழுகை எடுத்துவிட்டு எழுத்து முறைக்கு மாறினார்கள்: முதல் எழுத்து ஊருக்கு, இரண்டாம் எழுத்து செய்தவர் பெயருக்கு, அதன் பின்னால் பதிவு எண். ஆகக் கழுகு இருந்தால் அந்த நகை ஏறக்குறைய 1948 க்கும் 1980 க்கும் இடையில் பிறந்தது. எழுத்தும் எண்ணுமாக இருந்தால் அதற்குப் பிந்தியது.

முத்திரை நகையின் பிறந்தநாளைச் சொல்லாது. இதற்கு முந்திப் பிறந்திருக்காது, இதற்குப் பிந்திப் பிறந்திருக்காது என்று இரண்டு பக்கமும் வேலி போடும். வேலிக்குள்ளே ஆளைத் தேடுவது நம்முடைய வேலை.

ராத்தா குவைத்துக்குப் போனது 1983. வளையல் குறைந்தது மூன்று வருஷம் மூத்தது. கடையில் தேங்கிக் கிடந்த பழைய சரக்கை எசமானி அம்மா வாங்கிக் கொடுத்திருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆனால் வளையலின் ஒரு ஓரம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. கைக்கடிகாரத்தோடு சேர்த்து நெடுநாள் போட்டால் அப்படித் தேயும். ராத்தா வாழ்நாளில் கடிகாரம் கட்டியதில்லை. அப்படியென்றால், எசமானி அம்மா பல வருஷம் தன் கையில் போட்டிருந்ததைக் கழற்றித்தான் கொடுத்திருக்கிறார்.

நான் இதைச் சொன்னதும் ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வளையலைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழும்பிவிட்டார். வெள்ளியா என்ற கேள்வியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

இந்த முத்திரை வழக்கம் எப்படி வளர்ந்தது என்பதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1300 ஆம் ஆண்டு முதலாம் எட்வேர்ட் அரசர் போட்ட சட்டத்தில் சிறுத்தைத் தலை முத்திரை வந்தது. 1363 இல் செய்தவர் தன் குறியையும் குத்தவேண்டும் என்றார்கள். 1478 இல் வருஷத்துக்கு ஓர் எழுத்து வந்தது. அந்த எழுத்தை வைத்துத்தான் இன்றைக்கு ஆங்கிலேய வெள்ளிக்கு வயது சொல்கிறோம். ஆனால் அது வயது சொல்லப் போட்டதல்ல. தரம் பார்க்கும் அதிகாரி தப்புச் செய்தால் எந்த வருஷத்து ஆள் என்று பிடிப்பதற்காகப் போட்டது! களவு பிடிக்க வைத்த எழுத்து, காலம் சொல்லும் எழுத்தானது. 1544 இலிருந்து நடக்கும் சிங்கம் வந்தது. சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. பேர்மிங்ஹாமில் 1773 முதல் நங்கூரம் குத்தினார்கள். உங்கள் மூத்தவாப்பாவின் சங்கிலி மணிக்கூடு வீட்டில் இருந்தால் பின்மூடியைத் திறந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் ஒரு குட்டிக் கரடி இருந்தால் அது சுவிஸ் வெள்ளி, தரம் 875. காட்டுக்கோழி போல ஒரு பறவை இருந்தால் 800. கரடி 1880களிலிருந்து 1930களின் தொடக்கம் வரை குத்தியது.

இனி நம்முடைய வீட்டுக்கு வருவோம்.

நம் மூத்தம்மாமார் போட்ட வெள்ளிக் காப்பு, தண்டை, பிள்ளையின் அரைஞாண்கொடி, இஸ்ம் எழுதி அடைத்த தாயத்துக் கூடு, காதில் வரிசையாகக் குத்திய அல்லுக்குத்து: இவற்றில் முத்திரை தேடினால் கண் வலிதான் மிச்சம். தட்டார் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நம் கண்முன்னே உருக்கி, நம் கண்முன்னே நிறுத்துக் கொடுத்தார். முகம் தெரிந்த ஆளுக்கு முத்திரை எதற்கு? முத்திரை என்பது முகம் தெரியாத சந்தைக்கு வேண்டியது. ஆகவே நம்முடைய பழைய வெள்ளியில் குறி இல்லை என்பதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் தேதி சொல்வதுதான் கஷ்டம்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வெள்ளி எங்கிருந்து வந்தது? இந்தக் கரையில் சுரங்கமா இருந்தது? காசிலிருந்து வந்தது. தட்டாரிடம் கொடுத்து உருக்கியதும் காசு, ஓட்டை போட்டு அல்லது காது வைத்துக் கழுத்தில் கட்டியதும் காசு. காசுதான் நமக்கு முத்திரை.

1835 இலிருந்து பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரே நிறை: 11.66 கிராம். ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. இலங்கையில் 1872 தொடக்கம் ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு வந்தபோதும், கையில் புழங்கிய ரூபாய்க் காசு இந்தியாவில் அடித்ததுதான். நம் நாடு தன் சொந்த ஒரு ரூபாய்க் காசை அடித்தது சுதந்திரத்துக்குப் பிறகு. சதக்காசுகளில் வெள்ளியில் வந்தவை 10, 25, 50 சதங்கள், 1892 முதல். அவற்றின் தரம் 800. 1919 இல் அதை 550 ஆகக் குறைத்தார்கள். இந்திய ரூபாயின் தரம் 1940 இல் 500 ஆக விழுந்தது. 1947 இல் வெள்ளியே இல்லாத நிக்கல் காசாயிற்று. போர்களுக்கு வெள்ளி போன கதை அந்தக் குறைவிலேயே தெரிகிறது.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பழைய தண்டையை எக்ஸ் கதிர் இயந்திரத்தில் வையுங்கள். இப்போது பெரிய நகைக்கடைகளில் அந்த இயந்திரம் இருக்கிறது, நகைக்குச் சேதமில்லை. 91 வீதத்துக்குப் பக்கத்தில் காட்டினால், பெரும்பாலும் 1940 க்கு முந்திய ரூபாயை உருக்கியது. 80 வீதம் காட்டினால், நம் ஐம்பது சதக் காசாக இருக்கலாம். 50 சொச்சம் காட்டினால், தரம் குறைந்த காசின் காலம். தட்டார் பற்றாசும் செம்பும் கலந்திருப்பார், இரண்டு காலத்துக் காசைச் சேர்த்தும் உருக்கியிருப்பார். ஆகவே இதை வைத்துச் சத்தியம் பண்ணாதீர்கள். ஊகத்துக்குக் கால் கிடைக்கும், அவ்வளவுதான்.

உருக்காமல் கட்டிய காசில் தேதி அப்படியே இருக்கிறதே, அதைப் படித்தால் போதாதா என்பீர்கள். காசும் பொய் சொல்லும். விக்டோரியா இராணி தலை போட்ட 1840 ஆம் ஆண்டு ரூபாயை எடுங்கள். அதே 1840 என்ற தேதியோடு 1861 வரை அடித்தார்கள். 1862 என்று போட்ட ரூபாய் 1874 வரைக்கும் 1862 ஆகவே வெளிவந்தது. பம்பாய்த் தங்கசாலையில் மட்டும் தேதிக்கு மேலும் கீழும் சின்னச் சின்னப் புள்ளி வைத்து வருஷத்தைத் தமக்குள் குறித்துக்கொண்டார்கள். ஆகவே 1862 ரூபாய் கையில் வந்தால் தேதியை விட்டுவிட்டுப் புள்ளியை எண்ண வேண்டும். ஹஜ்ஜுக்குப் போனவர்களின் பெட்டிகளில் சில நேரம் அகப்படும் மரியா தெரேசா வெள்ளிக்காசு இன்னும் மோசம். 28 கிராம் நிறை, தரம் 833. செங்கடல் கரை முழுக்க ஓடிய காசு. அதில் 1780 என்றுதான் இருக்கும். அந்த இராணி இறந்த வருஷம் அது. இறந்த பிறகும் இருநூறு வருஷத்துக்கு மேலாக அதே தேதியில் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். 1780 ஐப் பார்த்துவிட்டு, எங்கள் குடும்பம் அவ்வளவு பழைய ஹாஜியார் குடும்பம் என்று யாரும் மேடையேறிவிட வேண்டாம்.

1877 க்குப் பிறகு விக்டோரியாவின் பெயரோடு 'பேரரசி' என்று வரும். 1903 முதல் 1910 வரை ஏழாம் எட்வேர்ட், கிரீடமில்லாத தலை. 1911 இல் ஐந்தாம் ஜோர்ஜ். அந்த 1911 ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. அரசர் போர்த்திய அங்கியில் யானைச் சின்னம் ஒன்று பொறித்திருந்தது. தும்பிக்கை குட்டையாகப் போய், பார்க்கிறவர் கண்ணுக்குப் பன்றி மாதிரித் தெரிந்தது. இந்திய முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கம் வெளியே விட்டதை நிறுத்தி, மிச்சத்தை உருக்கி, 1912 இல் தும்பிக்கையைத் தெளிவாக நீட்டி அடித்தது. காசு சேர்ப்பவர்கள் அதைப் 'பன்றி ரூபாய்' என்றே சொல்கிறார்கள். உங்களிடம் 1911 ரூபாய் இருந்தால் பத்திரம், எண்ணிக்கையில் குறைவு.

தலை என்றதும் என் மூத்தம்மா ஞாபகம் வருகிறா. அவட கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு ரூபாய் தொங்கும். எப்பவும் பூமாலை போட்ட பக்கம்தான் வெளியே தெரியும். இராணியின் முகம் உள்ளே, நெஞ்சோடு. "உருவத்த வெளிய காட்டிக்கிட்டுத் தொழப் போறயா?" என்று சாச்சியைப் பேசினது எனக்கு நன்றாக ஞாபகம். பிற்காலத்தில் நான் இந்த வேலையில் இறங்கினபோது ஒன்றைக் கவனித்தேன். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கும். நம் வீடுகளிலிருந்து என்னிடம் வந்த கழுத்துக்காசு பலவற்றில் தலை மழுங்கி, மூக்கு நுனிகூட இல்லாமல் போயிருக்கும். பூவேலையும் தேதியும் கூர்மையாக நிற்கும். தோலும் வியர்வையும் சட்டைத் துணியும் அந்த ஒரு பக்கத்தைத் தின்றிருக்கின்றன. அப்படித் தேய்ந்த காசைக் கண்டால், தொழுகிற ஒரு பெண்ணின் கழுத்தில் முப்பது நாற்பது வருஷம் கிடந்தது என்று நான் எழுதி வைத்துக்கொள்வேன். எந்தத் தங்கசாலையும் குத்தாத முத்திரை அது.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். நம் கரையில் வீடும் நகையும் மகளுக்குப் போகின்றன. குடி தாய்வழியில் ஓடுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல வருஷம் ஆராய்ந்து இதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். சீதனம் எத்தனை தகப்பன்மாரை வெளிநாட்டு வெயிலில் காயவிட்டது என்பது வேறு பேச்சு. அதை இன்றைக்கு எடுக்கவில்லை. ஆனால் ஒரு நகை தாயிடமிருந்து மகளுக்கும் பேத்திக்கும் போனால், அதன் வரலாறு பெண்களின் வாயில் இருக்கிறது. ஆண்களிடம் கேட்டு எனக்கு ஒரு தகவலும் கிடைத்ததில்லை. "பழைய சாமான்" என்பார்கள். மூத்தம்மாமாரிடம் கேட்டால் எந்தக் கல்யாணத்துக்கு எந்தக் கொக்கி மாற்றினது என்பதுவரை வரும்.

இனித் தங்கம். வெள்ளியளவுக்கு இதில் எனக்கு ஆசை இல்லை, ஆனாலும் உங்கள் பெட்டிகளில் கிடப்பது அதுதான்.

பவுண் என்ற சொல்லே பிரிட்டிஷ் பவுண் காசிலிருந்து வந்தது. 7.98 கிராம், 22 கரட். நாம் எட்டுக் கிராம் என்று நேராக்கிக்கொண்டோம். புனித ஜோர்ஜ் குதிரையில் ஏறி நாகத்தைக் குத்தும் காசு. குதிரையின் காலடித் தரையில் மணலளவு ஓர் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் லண்டன். சிட்னி, மெல்பேர்ன், பேர்த் மூன்றுக்கும் அவற்றின் முதல் எழுத்து. பழைய காசில் 'ஐ' என்ற எழுத்து இருந்தால் அது இந்தியா, பம்பாய்த் தங்கசாலை. அங்கே பவுண் அடித்தது 1918 ஒரு வருஷம் மட்டும்தான். முதலாம் உலகப்போரில் கப்பலில் பொன் அனுப்புவது ஆபத்தாக இருந்த காலம்.

1970களின் கடைசியிலிருந்து நம் ஆட்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கேயிருந்து வந்த நகையில் 875 என்றோ 21 என்றோ இருந்தால், சவூதி அல்லது குவைத் பக்கம் என்று ஊகிக்கலாம். அங்கே மக்கள் விரும்பி வாங்குவது 21 கரட். துபாயில் நம்மவரும் இந்தியரும் வாங்கியது பெரும்பாலும் 22, அதாவது 916. ஒரு வீட்டில் மூன்று சகோதரிகளின் வளையல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூத்தவருக்கு முத்திரையே இல்லாத ஊர்ச் செய்கை. நடுவிலுள்ளவருக்கு 875. இளையவருக்கு 916, பக்கத்தில் ஒரு முக்கோணம். வாப்பா எப்போது கமக்காரர், எப்போது றியாத்தில் சாரதி, எப்போது ஊருக்குத் திரும்பிக் கடை போட்டவர் என்பதெல்லாம் அந்த மூன்று கையிலும் எழுதியிருந்தது.

அந்த முக்கோணம் இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின் சின்னம். வைத்தியத்துக்குச் சென்னைக்குப் போகிறவர்கள் தியாகராய நகரில் கல்யாண நகையும் வாங்கி வருகிறார்கள் அல்லவா, அந்த நகைகளுக்கு இது உதவும். 2000 ஆம் ஆண்டு தொடங்கிய முறை இது. ஆரம்பத்தில் ஐந்து குறி குத்தினார்கள். அதில் ஒன்று வருஷ எழுத்து. 'ஏ' என்றால் 2000, 'பி' என்றால் 2001, 'ஜே' என்றால் 2008. 2017 இல் வருஷ எழுத்தை எடுத்துவிட்டு நான்கு குறி ஆக்கினார்கள். 2021 ஜூலையிலிருந்து மூன்றே குறி: முக்கோணம், தரம், ஆறிலக்க அடையாளக் குறி. ஆகவே எண்ணத் தெரிந்தால் போதும். ஐந்து, நான்கு, மூன்று. வருஷ எழுத்தை எடுத்தது எனக்குப் பெரிய மனவருத்தம். ஒவ்வொரு நகைக்கும் தனி எண் கொடுத்தது வாங்குகிறவருக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு வருஷம் கழித்து அந்த எண்ணைக் கணினியில் தேடிப் பார்க்க அந்தப் பதிவேடு இருக்கவேண்டுமே. வருஷ எழுத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும்.

இனிப் பொய் முத்திரைகள். ஆங்கில எழுத்து நான்கைத் தனித்தனிக் கட்டத்துக்குள், பழைய கோணல் எழுத்தில் குத்திய தட்டுகளும் தேநீர்க் கெண்டிகளும் பழைய வீடுகளில் இருக்கின்றன. ஈ, பி, என், எஸ். பார்க்க அசல் ஆங்கிலேய வெள்ளி முத்திரை மாதிரியே இருக்கும். அப்படித் தெரியட்டும் என்றுதான் கட்டம் போட்டார்கள். அது நிக்கல் கலவையின் மேல் மின்சாரத்தால் பூசிய வெள்ளி. ஜேர்மன் சில்வர் என்பதில் வெள்ளி துளியும் இல்லை: செம்பு, நிக்கல், துத்தநாகம். மெக்சிகோவில் அதையே அல்பாக்கா என்று குத்தி விற்கிறார்கள். 925 என்ற எண் மட்டும் தனியே நின்றால் அதை நான் சாட்சியாக எடுப்பதே இல்லை. அந்த எண் அச்சு எவரும் வாங்கக் கிடைக்கிறது.

முத்திரை தான் குத்தப்பட்ட துண்டுக்குத்தான் சாட்சி, முழு நகைக்கும் அல்ல. இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். என் உம்மாவின் வெள்ளிக் கொலுசின் கொக்கி உடைந்துபோய் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். உம்மாவின் உம்மாவுக்குக் கல்யாணத்துக்குச் செய்த கொலுசு, கையால் சுற்றிய வளையம், ஒவ்வொரு வளையத்தின் மூட்டிலும் பற்றாசு புள்ளியாய்த் தெரியும். பழைய கொக்கியில் தட்டார் அரத்தால் மூன்று கீறல் போட்டிருந்தார். அவருடைய குறியாக இருந்திருக்கும். நான் அதைப் படம்கூட எடுக்கவில்லை. போய் வாங்கும்போது புத்தம்புதுக் கொக்கி, 925 என்று பளிச்சென்று குத்தியது. பழைய கொக்கி எங்கே என்றேன். "அது உடைஞ்சதுதானே, சட்டியில போட்டுட்டம்" என்றார் பையன். தப்பு அவருடையதல்ல, கேட்காமல் கொடுத்த என்னுடையது. நாளைக்கு என் பேத்தி அந்தக் கொலுசைப் பார்த்துவிட்டு, 925 இருக்கிறது, அண்மையில் செய்தது என்று சொல்லுவாள். அவள் சொல்வதில் பிழையும் இருக்காது, கொக்கியைப் பொறுத்தவரை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுதல். உருக்காதே, மாற்றாதே என்று நான் சொல்லமாட்டேன். நகை கஷ்டத்துக்கு உதவுவதற்குத்தான். பிள்ளைக்கு ஒப்பரேஷன் என்றால் மூத்தம்மாவின் தண்டை உருகத்தான் வேண்டும். அடகுக்கோ உருக்கவோ போகுமுன், கைத்தொலைபேசியைக் கிட்டப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ விட்டு, முத்திரையையும் கொக்கியையும் மூட்டையும் படம் எடுங்கள். நேரே மேலிருந்து வெளிச்சம் அடித்தால் குழி தெரியாது. யாரிடமிருந்து வந்தது என்பதை மூத்தம்மாவின் குரலிலேயே பதிவுசெய்து வையுங்கள்.

நேரமாகிறது. கடைசியாக ஒன்று சொல்லி இறங்குகிறேன்.

2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு, நம் கரையோரத்தில் மணலைக் கிளறக் கிளற நகைகள் வந்துகொண்டிருந்தன. கிடைத்தவர்கள் பலர் கொண்டுவந்து பள்ளிவாசலில் கொடுத்தார்கள். யாருடையது என்று யார் சொல்வது? இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்து. தங்கச் சங்கிலி எல்லாம் ஒரே மாதிரி. கேட்டு வந்தவர்களும் பொய் சொல்லவில்லை; தங்கள் சங்கிலி என்று நம்பித்தான் கேட்டார்கள்.

ஒரு நாள் ஒரு வயது போன உம்மா வந்தா. எழுதப் படிக்கத் தெரியாது. மேசையில் கிடந்ததில் ஒன்றையும் பார்க்கவில்லை. நிர்வாகத்தில் இருந்தவரிடம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னா: "மகன், ஒரு ரூபாக் காசு. ராணிட மூக்கு இல்ல. மறுபக்கம் எழுத்துக்குக் கீழ ரெண்டு புள்ளி தடவுப்படும். ஓட்டையில செம்புக் கம்பி ரெண்டு சுத்து, பேத்திட காதுத்தோட்டுக் கம்பி அது."

துணி முடிச்சிலிருந்து காசை எடுத்தார்கள். 1862. தேதிக்குக் கீழே இரண்டு புள்ளி. உம்மா கண்ணைத் திறக்காமலே கையில் வாங்கி, பெருவிரலால் அந்தப் புள்ளியைத்தான் முதலில் தேடினா. பிறகு செம்புக் கம்பியைத் தடவினா. ஒரு சுற்று மட்டும் இருந்தது. மற்றச் சுற்றைக் கடல் கொண்டுபோயிருந்தது.